அமெரிக்கச் சாலையோர வரலாற்றுப் பலகைகளைக் கீழிருந்து மேலே படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கார் ஓட்டும் எல்லோர் கண்ணிலும் இவை பட்டிருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒற்றைக் கம்பத்தின் மேல் ஓர் உலோகப் பலகை, உச்சியில் மாநில முத்திரை, அதன்கீழ் ஒரு தலைப்பு, ஏழெட்டு வரி எழுத்து. மணிக்கு 60 மைல் வேகத்தில் தலைப்பைப் படிப்பதற்கே நேரம் போதாது. "ஏதோ சண்டை நடந்த இடம் போல" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும்.

வண்டியை நிறுத்திப் படிப்பவர்களும் தலைப்பில் தொடங்கி, நடுவில் உள்ளதை மேலோட்டமாகப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் கடைசி வரியை, அதாவது பலகையை நட்டது யார், எந்த ஆண்டில் என்பதை, யாரும் பொருட்படுத்துவதில்லை. என் கணக்கில் முதலில் படிக்க வேண்டியதே அந்த வரிதான். 1863-இல் நடந்ததைப் பற்றி 1927-இல் எழுதியவருக்கும் 2015-இல் எழுதியவருக்கும் கண்ணில் பட்டவை வேறு, கண்ணை மூடிக்கொண்டவை வேறு. சாட்சி யாரென்று தெரியாமல் சாட்சியத்தை எடை போட முடியாது.

போர்க்களம், பழைய கட்டடம், நினைவு மரம் ஆகிய மூன்று வகைப் பலகைகளையும் தேடிப் போய்ப் படிப்பதற்கும், சரிபார்ப்பதற்கும், வேண்டுமானால் நீங்களே ஒன்றை நிறுவுவதற்கும் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வகைப் பலகை என்று பாருங்கள்

மாநில அரசுகளின் பலகைகள் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. மணல் அச்சில் உருக்கிய அலுமினியத்தை ஊற்றி, புடைத்து நிற்கும் எழுத்துக்குத் தனி வண்ணம் கொடுப்பார்கள். பல மாநிலங்களுக்கு இவற்றை வார்த்துத் தருவது ஒஹாயோ மாநிலம் மரியட்டா ஊரில் 1927-இல் தொடங்கிய சீவா ஸ்டூடியோஸ் என்ற பட்டறை. அதைத் தொடங்கியவர் பெயர் ஹாஸ். அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கினால் பட்டறையின் பெயர் வந்துவிடும்.

வர்ஜீனியாவின் திட்டம் நாட்டிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. 1927-இல் நெடுஞ்சாலை 1-இன் ஓரமாக முதல் பலகைகளை நட்டார்கள். இன்று 2,600-க்கும் மேல் இருக்கின்றன. வெள்ளி நிறப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் உதவும். 'இஸட்' என்று தொடங்கினால் அது கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எல்லையில் நிற்கும் பலகை. ஒரு முகம் ஒரு கவுன்டியைப் பற்றியும் மறுமுகம் அடுத்த கவுன்டியைப் பற்றியும் பேசும்.

பென்சில்வேனியாவில் நீலமும் பொன்னும். 1946-இலிருந்து இந்த வடிவம். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு: ஊர்ப்புறச் சாலைக்குப் பெரிய எழுத்தும் குறைந்த வாசகமும் உள்ள பலகை, நடந்து போகிறவர்கள் படிக்கும் நகரத் தெருவுக்குச் சிறிய எழுத்தும் கூடுதல் வாசகமும் உள்ள பலகை. டெக்சஸில் 16,000-க்கும் மேல். அங்கே 1936-இல், மாநிலம் மெக்சிகோவிலிருந்து தனிநாடாகப் பிரிந்ததன் நூற்றாண்டுக்காக நட்ட கருங்கல் குறிகளையும் இன்றைய அலுமினியப் பலகைகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம்.

நியூயார்க்கில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அமெரிக்கப் புரட்சியின் 150-ஆம் ஆண்டை ஒட்டி 1926-இல் மாநிலக் கல்வித் துறை நீலமும் மஞ்சளுமான பலகைகளை நிறுவத் தொடங்கியது. 1939-இல் அரசுப் பணம் நின்றுபோனது. ஆனால் அந்த நிறமும் வடிவமும் நிற்கவில்லை. ஊர்ச் சங்கங்கள், நகரசபைகள், சிராகியூஸில் உள்ள பொமராய் அறக்கட்டளை என்று பலரும் அதே பாணியில் நட்டுவருகிறார்கள். தூரத்திலிருந்து எல்லாம் அரசுப் பலகை போலவே தெரியும். அடிவரியைப் படித்தால்தான் யாருடையது என்று தெரியும்.

இவை தவிர, பாறையில் பதித்த வெண்கலத் தகடுகள், தேசியப் பூங்காத் துறையின் படமும் வரைபடமும் உள்ள சாய்வுப் பலகைகள், வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய 1861-65 உள்நாட்டுப் போரின் பாதைகளைக் காட்டும் 'சிவில் வார் டிரெய்ல்ஸ்' பலகைகள் ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னவற்றுக்கு வழிகாட்டும் சாலைக் குறியில் ஊதுகொம்புப் படம் இருக்கும். அதைத் தொடர்ந்து போனால் பெரிய சாலையை விட்டு ஒதுங்கிய, கூட்டமே இல்லாத நல்ல இடங்களுக்குக் கொண்டுபோய் விடும்.

2. கிளம்பும் முன் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்

2006-இல் தொடங்கிய 'ஹிஸ்டாரிக்கல் மார்க்கர் டேட்டாபேஸ்' என்ற இணையதளம்தான் இதற்கு முதல் கருவி. சுருக்கமாக எச்எம்டிபி. தன்னார்வலர்கள் சேர்த்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகள் அதில் இருக்கின்றன. படம், முழு வாசகம், ஆயத்தொலை, பக்கத்தில் வேறு என்ன பலகைகள் என்ற பட்டியல் எல்லாம் கிடைக்கும். போகிற ஊரின் பெயரைப் போட்டுத் தேடி, பிடித்த ஐந்தாறை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் கலகம் செய்வார்கள்.

இன்னொன்று முக்கியம். பலகை நிற்கும் இடமும் சம்பவம் நடந்த இடமும் பல சமயம் ஒன்றல்ல. தொடக்க காலத் திட்டங்களின் நோக்கமே கார்ப் பயணிகளை ஈர்ப்பதுதான். அதனால் வண்டி போகும் சாலையில் பலகையை வைத்து, "இங்கிருந்து வடக்கே இரண்டு மைலில்" என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் சாலையை அகலப்படுத்தும்போது பலகை நகர்ந்திருக்கலாம், வாசகத்தில் உள்ள தூரம் அப்படியே இருந்திருக்கும். வீட்டிலேயே வரைபடத்தைத் திறந்து உண்மையான இடத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டால், வெறும் புல்வெளியைப் பார்த்து 'இங்கேயா நடந்தது?' என்று விழிக்க வேண்டியதில்லை.

3. நிறுத்துவது

இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. பலகைக்கு எதிரே ஒதுங்குமிடம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தாண்டிப் போய் அடுத்த தேவாலயம், கடை, அஞ்சலகம் எதிலாவது நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வளைவிலும் மேட்டு உச்சியிலும் ஓரத்தில் நிறுத்தவே கூடாது. மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலையான இன்டர்ஸ்டேட்டில் அவசரம் தவிர நிறுத்த அனுமதியே இல்லை. வேலிக்கு அப்பால் இருப்பது யாரோ ஒருவரின் சொந்த நிலம். பலகை பொதுவில் நிற்கிறது என்பதற்காக அது குறிப்பிடும் வீட்டின் முற்றத்தில் கால் வைக்க உரிமை வந்துவிடாது.

4. அடிவரியிலிருந்து தொடங்குங்கள்

இப்போது பலகைக்கு எதிரே நிற்கிறீர்கள். தலைப்பை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். யார் நிறுவியது? எந்த ஆண்டு? சம்பவத்துக்கும் அந்த ஆண்டுக்கும் எத்தனை தலைமுறை இடைவெளி? அந்த ஆண்டில் அந்த மாநிலத்தில் யாருக்கு வாக்குரிமை இருந்தது, யார் பணம் கொடுத்திருக்க முடியும்? இவ்வளவும் மனதில் வைத்துக்கொண்டு பிறகு வாசகத்துக்குப் போங்கள்.

கொலராடோவின் சாண்ட் க்ரீக் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1864 நவம்பர் 29 அன்று, கர்னல் ஜான் சிவிங்டனின் படை அங்கே முகாமிட்டிருந்த செயன், அரபாஹோ பழங்குடி மக்கள் மீது பாய்ந்தது. ஏறத்தாழ 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1950-இல் அங்கே வைத்த கல் அந்த இடத்தைப் போர்க்களம் என்று சொன்னது. 2007-இல் திறந்த தேசிய வரலாற்றுத் தலத்தின் பெயரிலேயே 'படுகொலை' இருக்கிறது. நிலம் அதேதான், ஆனால் 1950-இன் கல்லை மட்டும் பார்த்துத் திரும்பியவர் இரு படைகள் மோதிய இடத்தைப் பார்த்ததாகவே நினைத்திருப்பார்.

வர்ஜீனியாவின் 1920, 30-களின் பலகைகளில் தளபதிகளும் மாளிகைகளும் நிறைய. கறுப்பின மக்களையும் பெண்களையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த மாளிகையைக் கட்டியது யாருடைய உழைப்பு என்ற கேள்வியே எழாது. கடந்த சில பத்தாண்டுகளாக அந்த மாநிலம் விடுபட்டவர்களுக்குப் புதிய பலகைகள் நட்டுவருகிறது. டெக்சஸும் சொல்லாமல் விட்ட வரலாறுகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஒரே ஊரில் 1928-இன் பலகையையும் 2010-க்குப் பிந்தையதையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். எனக்கு இந்தப் பயணங்களில் மிகவும் பிடித்தது அதுதான்.

வாசகத்தில் மூன்று வகைச் சொற்களின் கீழ் மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். ஒன்று, 'முதல்', 'மிகப் பழைய' போன்றவை. இவற்றில் பாதிக்குப் போட்டியாளர் பக்கத்துக் கவுன்டியிலேயே இருப்பார். இரண்டு, 'மரபுப்படி', 'சொல்லப்படுகிறது'. எழுதியவருக்கே ஆதாரம் கிடைக்கவில்லை என்று பொருள். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரைப் பாராட்டலாம். மூன்று, செய்தவர் யாரென்று சொல்லாத வாக்கியங்கள். "கிராமம் கைவிடப்பட்டது", "குடியேற்றம் அகற்றப்பட்டது" என்று இருந்தால், அகற்றியது யார் என்று கேட்டே தீர வேண்டும்.

5. போர்க்களம்: எழுத்தைவிட இடம் அதிகம் பேசும்

போர்க்களப் பலகையைப் படிக்கும் முன் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். கைபேசித் திசைகாட்டி போதும். 'வலது அணி', 'இடது அணி' என்பதெல்லாம் அந்தப் படை எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதைப் பொறுத்தது. நீங்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் முழுச் சண்டையும் தலைகீழாகிவிடும்.

உள்நாட்டுப் போரின் சண்டைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பது சகஜம். வடக்குப் படை பெரும்பாலும் ஆறு, ஓடை பெயரை வைத்தது. தெற்குப் படை ஊர்ப் பெயரை வைத்தது. புல் ரன்னும் மனாசஸும் ஒன்று. ஆன்டீட்டமும் ஷார்ப்ஸ்பர்கும் ஒன்று. தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பலகை எந்தப் பெயரை எடுத்துக்கொண்டது என்பதும் எழுதியவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று கோடி காட்டும்.

இதையெல்லாம் பழகிக்கொள்ள கெட்டிஸ்பர்க்கைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 1863 ஜூலை 1 முதல் 3 வரை சண்டை நடந்த அந்தப் பென்சில்வேனிய வயல்வெளியில் 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்களும் குறிகளும் நிற்கின்றன. பார்த்தவுடன் தலை சுற்றும். ஆனால் ஓர் எளிய அடையாளம் இருக்கிறது. கருங்கல் பீடத்தில் பதித்த பிரிகேட் (பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த படைப்பிரிவு) தகடுகளில், பீடம் சதுரமாக இருந்தால் வடக்குப் படை, வட்டமாக இருந்தால் தெற்குப் படை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் மீதிப் பயணம் முழுக்க அவர்களே கண்டுபிடித்துக் கத்துவார்கள். பெரிய சின்னங்களின் இரு பக்கமும் தள்ளித் தள்ளிச் சிறு கற்கள் இருக்கும். ஒரு ரெஜிமெண்டின் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைக் காட்டுபவை அவை. பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டு கற்களுக்கும் நடுவே நடந்து பார்த்தால்தான் ஒரு ரெஜிமெண்ட் எவ்வளவு இடத்தை அடைத்து நின்றது என்பது உடம்புக்குத் தெரியும்.

ஆனால் கெட்டிஸ்பர்கில்கூட ஒரு சின்னம் நிற்கும் இடம் தானாக அமைந்ததில்லை. களத்தைப் பராமரித்த சங்கம் ஒரு விதி வைத்திருந்தது: படை முதன்மையாக வரிசை வகுத்து நின்ற இடத்தில்தான் சின்னம் நட வேண்டும். வடக்குப் படையின் 72-ஆவது பென்சில்வேனியா ரெஜிமெண்டின் முதிய வீரர்களுக்கு இது பிடிக்கவில்லை. மூன்றாம் நாள், தெற்குத் தளபதி பிக்கெட்டின் தாக்குதலின்போது, அவர்கள் முதலில் கல்சுவருக்குப் பின்னால் தள்ளித்தான் நின்றார்கள், சண்டையின் முடிவில்தான் சுவருக்கு வந்தார்கள். சங்கம் பின்னால் உள்ள இடத்தைக் காட்டியது. வீரர்களோ சுவரருகேதான் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1891-இல் வீரர்கள் ஜெயித்தார்கள். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடிக்க ஓங்கும் வீரனின் சிலை இன்று அந்தச் சுவரருகே நிற்கிறது. 2011-இல் வெளியான கெட்டிஸ்பர்க் கால் டாலர் நாணயத்தில் இருப்பதும் அதே சிலைதான். சண்டை மூன்று நாளில் முடிந்தது, அதை எங்கே நினைவுகூர்வது என்ற சண்டைக்கு ஆண்டுகள் ஆயின.

நம்மவர்கள் வர்ஜீனியாவின் யார்க்டவுனையும் விட்டுவிடக் கூடாது. 1781 அக்டோபரில் அங்கே சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி கார்ன்வாலிஸ். ஐந்தே ஆண்டுகளில் அவர் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்துவிட்டார். திப்பு சுல்தானை எதிர்த்துப் படை நடத்தி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் சேலம் பக்கத்துப் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் கார்ன்வாலிஸ் சிலையைப் பார்த்தவர்கள் யார்க்டவுன் பலகைகளை வேறு கண்ணோடு படிப்பார்கள்.

போர்க்களப் பலகையைச் சரிபார்க்க வேண்டுமா? உள்நாட்டுப் போருக்கு இரு தரப்பு அறிக்கைகளையும் கடிதங்களையும் தொகுத்து அமெரிக்க அரசு 1880-க்கும் 1901-க்கும் இடையே 128 புத்தகங்களாக வெளியிட்டது. முழுவதும் இணையத்தில் இலவசம். பலகையில் உள்ள அதிகாரியின் பெயரையும் தேதியையும் போட்டால், அன்றோ சில வாரங்களிலோ அவர் எழுதிய அறிக்கையே கிடைக்கும். அதிலும் தன் புகழ் பாடுவது உண்டு. எதிர்த்தரப்பு அறிக்கையையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

6. பழைய கட்டடம்: ஆண்டை நம்பாதீர்கள்

வீட்டுச் சுவரில் வெண்கலத் தகடு, அதில் 'தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது' என்று இருக்கும். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைப் பட்டியலிட 1966 சட்டத்தால் உருவான பதிவேடு அது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பதிவேட்டில் சேர்த்தால் அரசு தகடு தராது. உரிமையாளரே காசு கொடுத்துச் செய்து மாட்டிக்கொள்வதுதான். அதனால் தகடு இல்லாத கட்டடமும் பதிவேட்டில் இருக்கலாம். தகட்டில் உள்ள கூடுதல் வரிகள் உரிமையாளரின் கைவண்ணமாகவும் இருக்கலாம்.

கட்டிய ஆண்டுக்கு முன்னால் 'ஏறத்தாழ' என்று இருந்தால் அது குடும்பக் கதையிலிருந்தோ கட்டட பாணியிலிருந்தோ வந்த மதிப்பீடு. ஊர் வாய்க்கு வீட்டின் வயதைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் கிடையாது. உத்தரங்களின் மர வளையங்களை எண்ணும் சோதனை பல இடங்களில் வீடு சொல்லப்பட்டதைவிடப் புதியது என்று காட்டியிருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் தூங்கிய வீடுகளைப் பற்றி அமெரிக்கர்களே கிண்டலடிப்பார்கள். அவர் போகாத ஊரே இல்லை என்னும் அளவுக்கு அத்தனை வீடுகள் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்கின்றன.

சரிபார்க்க நான்கு இடங்கள் போதும். பதிவேட்டுக்கு அனுப்பிய விண்ணப்பப் படிவம் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் கிடைக்கும், அதில் ஆதாரங்கள் இருக்கும். 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டட அளவாய்வின் வரைபடங்களும் படங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத் தளத்தில் உள்ளன. நகரப் பகுதியாக இருந்தால் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களைப் பாருங்கள். எந்தக் கட்டடம் செங்கல், எது மரம் என்று நிறம் தீட்டியே காட்டியிருப்பார்கள். அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிட்டால் கட்டடம் எப்போது முளைத்தது என்பது தெரிந்துவிடும். கடைசியாக, கவுன்டி நீதிமன்றத்தில் உள்ள கிரயப் பத்திரங்கள். பொறுமை வேண்டும், ஆனால் அவை பொய் சொல்வது குறைவு.

7. மரம்: உயிரோடு இருக்கும் ஆதாரம், சில சமயம் உயிரோடு இருக்கும் கதை

மரப் பலகைகளுக்கு முன்னால் முதலில் ஒன்று கேளுங்கள்: இது அதே மரமா, அதன் விதையிலிருந்து வந்ததா, மரம் இருந்த இடமா, அல்லது யாருடைய நினைவாகவோ பிற்பாடு நட்டதா? பலகை இதைத் தெளிவாகச் சொல்லாமல் மழுப்பும்.

அதே மரம் என்று உறுதியாகச் சொல்லக் கூடியவை குறைவு, அதனாலேயே அவை அருமை. மேரிலாந்தின் ஆன்டீட்டம் களத்தில் பர்ன்சைட் பாலத்தின் ஓரமாக ஒரு சைகமோர் மரம் இருக்கிறது. 1862 செப்டம்பர் 17 சண்டை முடிந்த சில நாட்களில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த புகைப்படத்தில் அது சிறு மரமாகப் பாலத்தருகே நிற்கிறது. இன்று பாலத்தையே மறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அதே கோணத்தில் நின்று பாருங்கள். இதற்கு மேல் ஒரு பலகை என்ன சொல்லிவிடப் போகிறது?

வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் விடுதலை ஓக் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு 1861-இல் மேரி பீக் அந்த மரத்தடியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1863-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை அந்த மக்களுக்கு அங்கேதான் படித்துக் காட்டினார்கள். அதன் விரிந்த நிழலைப் பார்த்தால் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வராமல் இருக்காது.

மறுபக்கம் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜின் வாஷிங்டன் எல்ம் மரம். "இந்த மரத்தின் கீழ்தான் 1775 ஜூலை 3 அன்று வாஷிங்டன் அமெரிக்கப் படைக்குத் தலைமை ஏற்றார்" என்று ஒரு கருங்கல் அடித்துச் சொல்லும். கல்லை வைத்தது 1860-களில். மரம் 1923-இல் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆராய்ந்தவர்களுக்கு, அன்று அந்த மரத்தடியில் அப்படி ஒரு சடங்கு நடந்ததற்குச் சமகால ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் ஊருக்கு வந்ததும் தலைமை ஏற்றதும் உண்மை, மரத்தடிக் காட்சிதான் பிறகு முளைத்தது. ஆனாலும் கல் நிற்கிறது. 'இந்த மரம்' என்று சொல்லும் கல்லின் பக்கத்தில் அந்த மரம் இல்லை.

டெக்சஸ் ஆஸ்டினின் ஒப்பந்த ஓக்கும் இதே ரகம்தான். அதன் கீழ் டெக்சஸில் அமெரிக்கக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஸ்டீபன் ஆஸ்டின் பழங்குடித் தலைவர்களோடு எல்லை ஒப்பந்தம் செய்தார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் 500 ஆண்டு வயதாகக் கருதப்படும் அந்த மரத்துக்கு உண்மையான வரலாறு 1989-இல் வந்தது. ஒருவன் வீரியமான களைக்கொல்லியை அதன் வேரடியில் ஊற்றிவிட்டான். மண்ணை மாற்றினார்கள், நிழல் கட்டினார்கள், ஊற்றுநீரைத் தெளித்தார்கள். மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு போனது, மீதி பிழைத்து 1997-இல் மறுபடி காய்த்தது. நான் பலகை எழுதினால் ஒப்பந்தத்தைவிட இதைத்தான் முதலில் எழுதுவேன்.

மரத்தடியில் நடந்துகொள்ளும் முறையும் உண்டு. கிளைகள் விரிந்திருக்கும் அளவுக்கு மண்ணடியில் வேரும் விரிந்திருக்கும். கூட்டமாக மிதித்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாது. வேலி இருந்தால் வெளியே நின்றே படம் எடுங்கள். மரத்தில் ஆணியடித்து மாட்டிய தகட்டை மரமே சில ஆண்டுகளில் விழுங்கிவிடும், காயம்தான் மிச்சம்.

8. படமும் பதிவும்

மேகமூட்டமான நாள்தான் உகந்தது. வெயிலில் புடைப்பெழுத்தின் நிழல் விழுந்து வரிகள் குழம்பும். நேர் எதிரே நின்று ஒன்று, பின்னணி தெரியத் தள்ளி நின்று ஒன்று, பலகைக்கு முதுகைக் காட்டி அது பார்க்கும் திசையில் ஒன்று. பின்பக்கம் போய்ப் பார்க்க மறக்காதீர்கள். சில பலகைகளில் வாசகம் பின்பக்கம் தொடரும், சிலவற்றில் வேறு செய்தியே இருக்கும். அழுக்கு படிந்திருந்தால் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். தேய்க்கவோ வண்ணம் பூசவோ வேண்டாம்.

எச்எம்டிபியில் அந்தப் பலகை இல்லாவிட்டால் நீங்களே சேர்க்கலாம். வாசகத்தைப் பிழையோடு இருந்தாலும் பிழையோடே தட்டச்சு செய்யுங்கள். திருத்தத்தைத் தனிக் குறிப்பாகப் போடலாம்.

9. நீங்களே ஒரு பலகை நிறுவ

இதற்குக் குடியுரிமையோ பட்டமோ தேவையில்லை. ஆதாரமும் பணமும் பொறுமையும் வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் 1907-இல் மரம் அறுக்கும் ஆலை வேலைக்கு வந்த இந்தியர்களைக் கும்பல் அடித்து விரட்டியது. அதை நினைவுகூரும் வளைவு அங்கே 2018-இல்தான் வந்தது. 1913-இல் இந்திய விடுதலைக்காகப் போராடிய கதர் கட்சி உருவான ஆரகனின் ஆஸ்டோரியாவில் நூற்றாண்டின்போது நினைவுத் தகடு வைத்தார்கள். யாரோ சிலர் காகிதத்தைத் தேடி எடுத்து, நகரசபைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததால் நடந்தவை இவை.

முதலில் உங்கள் மாநிலத்தின் விதிகளைப் படியுங்கள். வர்ஜீனியாவில் உள்ளூரைத் தாண்டிய முக்கியத்துவம் இருக்க வேண்டும், உயிரோடு இருப்பவர்களுக்கு இடமில்லை, வாசகம் ஏறத்தாழ 100 சொற்களுக்குள், செலவு உங்களுடையது. சில ஆயிரம் டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் கவுன்டி வரலாற்று ஆணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டடத்துக்கு மாநில வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி வேண்டுமானால் 50 ஆண்டு பழமை தேவை. நியூயார்க்கில் பொமராய் அறக்கட்டளையின் நிதியைக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு தகவலுக்கும் மூல ஆதாரம் கேட்பார்கள்.

மூல ஆதாரம் என்றால் அந்தக் காலத்துக் கடிதம், பத்திரம், செய்தித்தாள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பில் தனிநபர் விவரங்களை 72 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியிடுவார்கள். 1950-இன் ஏடுகள் 2022 ஏப்ரலில் திறந்தன. பின்னாளில் யாரோ எழுதிய ஊர்ச் சரித்திரப் புத்தகம் துணைக்கு ஆகும், தூணாக ஆகாது.

வாசகம் எழுதும்போது முதல் வாக்கியத்திலேயே இங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிடுங்கள். வண்டியில் போகிறவர் அதை மட்டுமே படிப்பார். செய்தவர் பெயரை எழுவாயாக வையுங்கள். 'முதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டும் வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் சொல்ல விஷயம் போதவில்லை என்று பொருள். நெடுஞ்சாலை ஓரமென்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும், தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம். மரத்துக்கென்றால் கம்பத்தை வேர்ப்பரப்புக்கு வெளியே நடுங்கள்.

10. பலகை உடைந்தோ காணாமலோ போனால்

லாரி மோதும், சாலைப் பணியில் பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள், திருட்டும் உண்டு. வேண்டுமென்றே தாக்குவதும் உண்டு. 1955-இல் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் வெள்ளையர்களால் கடத்திக் கொல்லப்பட்டான். அவன் உடலை எடுத்ததாகக் கருதப்படும் டாலஹாச்சி ஆற்றங்கரையில் 2008-இல் வைத்த பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். மாற்றி வைத்ததைத் துப்பாக்கியால் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். அடுத்ததையும் சுட்டார்கள். 2019-இல் நான்காவதாக வைத்தது குண்டு துளைக்காத எஃகு, எடை 500 பவுண்டுக்கு மேல்.

சேதத்தைப் பார்த்தால் நீங்கள் தொட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். படம் எடுத்து, குறியீட்டையும் இடத்தையும் குறித்து, அடிவரியில் இருக்கும் நிறுவனத்துக்கே எழுதுங்கள். வர்ஜீனியாவாக இருந்தால் வரலாற்று வளத் துறைக்கு, பென்சில்வேனியாவாக இருந்தால் வரலாற்று, அருங்காட்சியக ஆணையத்துக்கு. கம்பம் மட்டும் நின்று பலகை இல்லாவிட்டால் எச்எம்டிபியின் பழைய படத்தைக் கடிதத்தோடு இணையுங்கள். எச்எம்டிபி பக்கத்திலும் 'காணவில்லை' என்று தேதியோடு ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள், அடுத்து அதைத் தேடி வருகிறவர் வீணாக அலைய மாட்டார்.